அகற்றிய தடைகள்: ஒன்று

ஆயுள் முழுக்கச் சுற்றுவதற்கென்றே வார்த்த இறக்கை
இந்தச் சந்தியில் திரும்பாது.
காற்றாலைக்குப் போகிறது. அறுபத்தெட்டு மீட்டர்.
விகோ துறைமுகத்திலிருந்து மலை உச்சிவரை
அதற்கு வழி போடுவது என் வேலை.
சம்பளம் பரவாயில்லை. தூக்கம்தான் இல்லை.

இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடுதான் குறுக்குவழி என்று
பள்ளியில் சொன்னவர்கள் லாரி ஓட்டியதில்லை.
எங்கே நிற்கிறாய் என்பது பாதிக் கேள்வி.
எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய் என்பது மீதி.
இடக்கைப் பக்கம், எட்டித் தொடும் தூரத்தில்
ஒரு புள்ளி இருந்தால்
ஊரையே சுற்றிக்கொண்டுதான் அதனிடம் போக வேண்டும்.

வளைவு, நேர்கோடு, வளைவு.
அல்லது வளைவு, எதிர்வளைவு, மறுபடி வளைவு.
ஒடித்தால் முழுசாக ஒடி,
இல்லையென்றால் நேரே போ.
பட்டும் படாமல் வளைவதெல்லாம்
டீசலுக்குக் கேடு.

பொர்த்தொமெரோவில் என் வளைவு
தெல்மிரா ஓத்தேரோவின் எலுமிச்சை மரத்தின் மேல் போனது.
எதிரே கல்தூண்களில் நிற்கும் பழைய தானியக் கொட்டில்.
அதைத் தொட அரசு விடாது.
எலுமிச்சைக்குச் சட்டம் ஏதும் இல்லை.
வியாழக்கிழமை வெட்டினார்கள்.
ரம்பம் ஓயும்வரை அவர் வெளியே வரவில்லை.
பிறகு வந்து, கண்ணாடி போட்டு,
நூற்றெண்பது யூரோ ரசீதை
இரண்டு முறை படித்தார்.

சனி இரவு, இரண்டே முக்கால். தூறல்.
ஓட்டுநர் பிரெய்ஷோ இறங்கி வந்து
நான் குறித்த வளைவை நடந்து பார்த்தான்.
குதிகாலால் மண்ணை அழுத்தினான்.
குதிகால் உள்ளே போனது.
"இதில் ஏற்ற மாட்டேன்."

வண்டி சந்தியைத் தாண்டி நேரே போனது,
ஏதோ ஊரையே மறந்துவிட்டதுபோல.
நின்றது.
பின்னால் வரத் தொடங்கியது.
பின் அச்சுகளைத் தன் கைப்பெட்டியால் திருப்பியபடி
இரியா நடந்தாள், மழைக்கோட்டில்.
இறக்கையின் நுனி தெற்கே பந்து மைதானத்துக்குள்
கோல் கம்பங்களுக்கு மேலாக
மெல்ல நுழைந்தது.
இப்போது மூக்கு மலையைப் பார்த்து நின்றது.
அவ்வளவுதான். முன் கியர். நேரே.
கொட்டிலுக்கும் வெட்டிய மரத்துக்கும் இடையில்,
நான் போட்டதைவிட
பதினோரு மீட்டர் குறைவான வழியில்.

மரம் நின்றிருந்தால் ஒரு கிளை உரசியிருக்கும்.

என் கணக்கில் பின்கியர் இல்லை.
'வண்டி முன்னால் மட்டுமே செல்லும்'
முதல் பக்கம், முதல் வரி.
யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதினேன்.
எழுதும்போது அது ஒரு முடிவு என்றுகூடத் தோன்றவில்லை.

நாலு இருபதுக்கு நீல விளக்குகள் மேட்டில் மறைந்தன.
என் சின்னக் காரை அதே சந்தியில்
ஒரே ஒடிப்பில் திருப்பினேன்.
முகப்பு வெளிச்சம் அடிமரத்தின் மேல் ஓடி நின்றது:
வெள்ளையாக, ஈரமாக.
கதவோரம் ஒரு வாளி நிறையக் காய்கள்,
வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.
கண்ணாடியை இறக்கினேன். வாசனை வந்தது.
ஏற்றிவிட்டேன்.

திங்களன்று அறிக்கை.
'அகற்றிய தடைகள்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.
எண்ணை மட்டும் கேட்கிறது.