இரண்டாம் லோடு

குப்பத்துக்கு மேற்கே
கிரானைட் அறுக்கும் சத்தம் ஓயாத சாலையில்
தகரக் கூரை போட்ட எங்கள் கொட்டகை.
நாற்பது கிலோ பியூட்டேன் உள்ளே போகும்.
சம்பங்கியைத் தொடும், வாசத்தை எடுத்துக்கொள்ளும்,
பிறகு வாசத்தை வைத்துவிட்டுத்
தான் மட்டும் திரும்பி வரவேண்டும்.
அந்தத் திரும்பலைப் பற்றித்தான்
மூன்று வாரமாகப் பேச்சு.

ஓசூரிலிருந்து வந்த ஜெபமணி
பம்ப்பின் படத்தை மேஜையில் விரித்தார்.
'ஒன்றரை மணி நேரம் மேடம். துடைத்து எடுத்துவிடும்.
எண்ணெய் போடாதது. பொறி பறக்காத மோட்டார்.'
முனிரத்தினம் விலையைப் பார்த்தார்.
பிறகு ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு என்னை.

இன்று எங்களிடம் இருப்பது குளிர் மட்டும்.
பெங்களூரிலிருந்து தெர்மகோல் பெட்டியில் வரும் உலர்பனி.
இந்தப் பக்கம் வெந்நீர் உறை,
அந்தப் பக்கம் புகையும் பனியில் அமுங்கிய தொட்டி,
நடுவில் ஒரு குழாய்.
யாரும் இழுப்பதில்லை.
சூடு பொறுக்காமல் ஆவி தானே கிளம்பி
குளிரில் போய் விழுந்து திரவமாய்க் கிடக்கிறது.
ஆறு மணி நேரம்.
கடைசி இரண்டில் முள் நகர்வதே தெரியாது.
மெழுகு தன் பங்கை விடமாட்டேன் என்கிறது,
கடைசித் தவணையைக் கட்டாமல்
நாள் கடத்துகிறவன் மாதிரி.

பம்ப் எனக்குப் புதிதல்ல.
கொச்சிப் பக்கம் ஓர் ஆலையில் நான்கு வருடம்
அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்.
ஒரு ராத்திரி சீல் கிழிந்தது.
பெரிதாகச் சத்தம் ஒன்றும் இல்லை.
காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு ஊரும்;
முதலில் என் கணுக்காலில்தான் குளிர்ந்தது.
'ஸ்விட்சைத் தொடாதே' என்று யாரோ கத்தினார்கள்.
எரிந்த விளக்கு எரிந்தபடி,
அணைந்தது அணைந்தபடி,
நாங்கள் இறங்கி நடந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆனால் வீட்டில் விளக்கு போடப் போனால்
இன்றும் விரல் ஒரு நொடி நின்றுதான் போடுகிறது.

குளிரும் யோக்கியமில்லை.
கோலாரில் பனி வண்டி நின்றால்
இங்கே எல்லாம் நிற்கும்.
முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும்போது
ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தால் போதும்,
வெளிக்காற்று சத்தமில்லாமல் உள்ளே வந்து
பியூட்டேனோடு உட்கார்ந்துகொள்ளும்.
அதனால்தான் ஒவ்வொரு கிளாம்ப்பையும்
இரண்டு முறை இறுக்குகிறேன்.
மூன்றாவது முறை, பயத்துக்கு.

நாற்பது போனால் முப்பத்தெட்டரை வருகிறது.
பம்ப் என்றால் முப்பத்தொன்பதரை வரும்,
ஜெபமணி எழுதியே கொடுத்தார்.
நோட்டில் 'குறைவு' என்று ஒரு பத்தி இருக்கிறது.
பத்தி நெடுக என் கையெழுத்து.

'மின்சாரம் போனால்?' என்று கேட்டேன்.
'ஜெனரேட்டர்,' என்றார் ஜெபமணி.
'ஜெனரேட்டர் போனால்?'
அவர் சிரித்தார். முனிரத்தினம் சிரிக்கவில்லை.
அந்த வாரம் மட்டும் ஐந்து முறை போயிருந்தது.

'இந்த வருஷம் வேண்டாம்' என்றேன்.
அடுத்த வருஷம் என்ன சொல்வேன் என்று
எனக்கே தெரியாது.

அது சுலபமாக இருந்தது.
கஷ்டம் ராத்திரிதான் வந்தது,
வீ.கோட்டா ஹம்சவேணிக்குப் போன் போட்டபோது.
நாலு மணிக்கு ஒரு லோடு, ஒன்பதுக்கு ஒரு லோடு
என்று கேட்டிருந்தாள்.
ஒன்பது மணிப் பூ எங்கள் முள்ளுக்காகக் காத்திருந்தால்
ஓரம் பழுத்துவிடும்.
'ஒரு லோடு போதும்கா.'
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'ஏன், என் பூவில வாசம் கம்மியா?'
'பூவில ஒண்ணும் இல்ல. நேரம்தான்.'
'நேரத்துக்கு நான் என்ன பண்ண' என்று
தெலுங்கில் சொன்னாள், எனக்கில்லாத மாதிரி.

காலை ஒன்பது.
கேஜ் மேல் படிந்த உறைபனியைச்
சட்டைக் கையால் துடைக்கிறேன்.
சாலையில் அவள் டாடா ஏஸ்
வேகம் குறைக்காமல் கிருஷ்ணகிரி பக்கம் போகிறது.
வாசம் மட்டும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து
கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறது.

முள் இன்னும் இரண்டில்.