அடியில் கிடந்தது

பதினாறு நாள் குடித்தேன்.
நோவு ஒரு நூலளவும் இறங்கவில்லை.
மொன்றியல், சாபனெல் தெரு, ஏழாம் மாடி.
குளிர்ச்சட்டைகளுக்குக் காலர் பொருத்துகிற மேசையில்
நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ
இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டுக்
கதைக்கப் போய்விட்டது போல.

காரணம் எனக்குத் தெரியும்.
மூன்று வருடமாய்க் கைப்பைக்குள் ஒரு டப்பா.
மணிக்கட்டுக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு,
ஓவர்டைம் என்றால் வெறுவயிற்றில் இன்னும் இரண்டு.
கமரா இறக்கிப் பார்த்த டாக்குத்தர்
திரையில் காட்டினார்:
சிவந்த சதையில் வெள்ளையாய் ஒரு குழி,
சேட்டுப் பொத்தான் அளவு.
இனி அந்த வலிக்குளிசையைத் தொடக்கூடாது என்றார்.
இந்தப் போத்தலை எழுதித் தந்தார்.

போத்தல் முழுக்கப் பிரெஞ்சு.
பதினொரு வருடத்தில் நான் பிடித்த பிரெஞ்சு
பஸ், பனி, சம்பளம், மன்னிக்கவும்.
லேபிளின் ஓரத்தில் சிவப்பாய் இரண்டு சொல் இருந்தது.
கொம்பனிப் பெயராக்கும் என்று விட்டுவிட்டேன்.

பார்மசியில் மிர்லாந்த்
போத்தலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
மேலே கலங்கிய தண்ணீர்.
அடியில் கட்டித்தயிராய் வெள்ளை,
சரித்தாலும் அசையாமல்.
சிவப்புச் சொல்லில் நகத்தை வைத்தாள்:
பியான் அஜித்தே.
விளங்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

சொல்லை விட்டாள்.
போத்தலைத் தலைக்கு மேலே தூக்கிக்
குலுக்கினாள், குலுக்கினாள்,
மூக்குக்கண்ணாடி உதட்டுக்கு இறங்கும் வரை,
எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள்
சிரிக்கத் தொடங்கும் வரை.

நல்லாய்க் குலுக்கு.
அவ்வளவுதான்.
பதினாறு நாளும் நான் குடித்தது
மருந்து படுத்திருந்த குளத்தின் தண்ணீரை.

எதால் அளக்கிறாய் என்று கையால் கேட்டாள்.
தேத்தண்ணிக் கரண்டியால் என்று கையால் சொன்னேன்.
கோடு போட்ட சின்னக் கிண்ணம் ஒன்றைத் தந்தாள்.
வெட்கமாய் இருந்தது.
கால் இஞ்சி பிசகினால்
சட்டையையே பிரிக்கிறவள் நான்.

கைப்பையைக் கொட்டச் சொன்னாள்.
மருந்துப் பையின் முதுகில் மணிக்கூடு கீறினாள்.
விடிய ஒரு கிண்ணம், பிறகு ஒரு மணித்தியாலம் எதுவுமில்லை.
படுக்கப் போக ஒரு கிண்ணம், அதுவும் வெறுவயிற்றில்.
தைரொயிட் குளிசையைப் பின்னேரம் மூன்றுக்கு ஒதுக்கினாள்.
கிட்டக் கிட்ட இருந்தால்
இந்த வெள்ளை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.
புளிப்புக்குச் சப்புகிற மாத்திரைக்கு அரை மணி இடைவெளி.
டாக்குத்தருக்கு அவளே போன் எடுத்தாள்.
நாளை முதலிலிருந்து எண்ணட்டும் என்றாராம்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் படம் கீற முடியவில்லை.
யோசித்தாள்.
என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த கறுப்பு நூலைக் காட்டினாள்,
பிறகு கழிவறைக் கதவை,
பிறகு தன் கோப்பையின் அடிக் கோப்பித்தூளைக் காட்டி
வாந்தி எடுப்பது போல நடித்து,
போனில் ஒன்பது, ஒன்று, ஒன்று.
அது மட்டும் முதல் தரமே விளங்கியது.

ஐந்தாம் கிழமை இஸ்திரிப்பெட்டியை யாரோ எடுத்துவிட்டார்கள்.
பக்கத்து மெசின் புவிராஜி சொன்னாள்:
சுகமென்றால் பிறகேன் அந்தச் சுண்ணாம்பு?
கை நோவுதென்றால் இந்தா, என்னிடம் இரண்டு கிடக்கு.
அவள் நீட்டிய கையை மெல்ல மூடிவிட்டேன்.
முடிச்சுப் போடாமல் நூலை அறுத்தால்
என்ன ஆகுமென்று
அவளுக்கா தெரியாது?

விடிய ஐந்து மணி.
ஜன்னலில் பனி.
குலுக்குகிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுப் பூனை கத்துகிறது.
நாக்கில் மாப்பசை.
இனி ஒரு மணித்தியாலம்,
தின்னவும் இல்லை தைக்கவும் இல்லை.
இப்படி ஒரு மணித்தியாலம் இந்த நாட்டில்
எனக்கு இருந்ததே இல்லை.

போத்தலை மடியில் வைத்துத்
திருப்பித் திருப்பி லேபிளைப் படிக்கிறேன்.
பியான் என்றால் நல்லாய்.
இன்றைக்குக் கீழ் வரி:
அ ஜன்.
வெறுவயிறு.

வயிறு ஒருதரம் உறுமி
உச்சரிப்பைத் திருத்துகிறது.