நான்கு துளைகள்

ஒரு தாளை இருமுறை பிணைத்தால்
இரண்டு கம்பிக்கு நான்கு துளை.
சட்டப் படிப்பில் இது வரவில்லை.
ஹாங் லிம் கட்டடத்தில், மீன் சூப் கடைக்கு நேர்மேலே
என் முதல் அறையில்
இரவு பத்தரைக்கு
ஒரு மின்தூக்கிக் குத்தகையின் கூட்டக் குறிப்பை
மேசை விளக்கருகே தூக்கிப் பிடித்தேன்.
முதல் பக்கத்தில் நான்கு.
மூன்றாம் பக்கத்தில் நான்கு.
இரண்டாம் பக்கத்தில் மட்டும் இரண்டே இரண்டு,
புதுமணப் பெண்ணின் காது போல.

அன்று தெரிந்துகொண்டேன்
பொய்க்குத்தான் காயம் குறைவு.

அதன்பின் முப்பத்தொரு வருடம் இதுவே பிழைப்பு.
வடிகால், பள்ளிக்கூரை, மணல்.
பெரிய பெரிய துணை இயக்குநர்கள்
எதிரே அமர்ந்து தண்ணீர்க் குவளையை
நகர்த்தி நகர்த்தி வைப்பார்கள்.
ஒரே பிற்பகலில் நாற்பத்தேழு முறை
"நினைவில்லை" என்றவர்
மகளின் பியானோ தேர்வு
பதினான்காம் தேதி காலை ஒன்பதேகால் என்றார்,
நான் கேட்காமலே.
அதற்குள் இது முடிந்துவிடுமா என்றும்.

தோற்றதையும் சொல்ல வேண்டும்.
காவல் அறையில் இறந்துபோன பையன்.
கேமராவில் பதினொரு நிமிடம் வெறும் சாம்பல் நிறம்.
சாம்பலில் துளை ஏது, எதை எண்ணுவது?
தீர்ப்பு நாளில் அவன் அப்பா இருதயராஜ்
தன் டாக்சியிலேயே என்னை வீட்டில் விட்டார்.
மீட்டரைப் போடவில்லை.
தோ பாயோ வரை மழையைத் துடைப்பான்தான் பேசியது.

மணல் என்றால் ரொக்காயா.
துவாஸ் படகுத்துறையில் கணக்கெழுதியவள்.
அரசாங்கம் வெள்ளி கொடுத்தது
அறுநூற்றுப் பன்னிரண்டு தொங்கான்களுக்கு.
அவள் நோட்டில் நானூற்று எண்பது.
மீதி நூற்று முப்பத்திரண்டும்
காகிதத்தில் வந்து
காகிதத்தில் இறக்கி
காகிதமாகவே திரும்பிப் போயின.
கடலைத் தூர்த்த இடத்தில் இன்று
யாரோ மாலையில் மிதிவண்டி ஓட்டுகிறார்கள்.

பிடோக் ஈரச்சந்தையில்
கங்கோங் கட்டுக்கு அடியில் வைத்து நோட்டைத் தந்தாள்.
வாக்குமூலமும் தந்தாள், எட்டுப் பக்கம்.
"பெயர் மட்டும் வேண்டாம், புவான்.
மகன் அதே துறையில்தான் இருக்கிறான்."

பெயர் முதல் பக்கத்தில் இருந்தது.

மூன்று பேர் சிறைக்குப் போனார்கள்.
அதில் ஒருவர், கூண்டிலிருந்து,
"யார் சொன்னது இதையெல்லாம்?" என்று கேட்டார்.
கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.
நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

வியாழக்கிழமை லாரி வருகிறது.
பெட்டிகளையெல்லாம் ஆவணக் காப்பகத்தில் கொட்டி
ஒவ்வொரு தாளாகப் படம்பிடிப்பார்களாம்.
படத்தில் துளைகள் கரும்புள்ளியாக விழும்.
என்னைப் போல ஒரு கிறுக்கு
என்றாவது உட்கார்ந்து எண்ணும்:
இரண்டு முதல் எட்டு வரை, எல்லாவற்றிலும் நான்கு.
ஒன்றைக் காணோம்.

ஒன்று என் சமையலறையில் இருக்கிறது,
மைலோ டின்னுக்குள், நான்காக மடிந்து.
ரொக்காயா மௌத்தாகி மூன்று நோன்பு கடந்துவிட்டது.
மகன் பெர்த்துக்குப் போய்விட்டான்.
திருப்பி வைத்துவிடலாம்.

வைத்தால்
மற்ற தாள்களுக்கு ஆறு துளை,
இதற்கு மட்டும் நான்கு.
நானே வகுத்த கணக்கில்
எட்டுப் பக்கத்திலும் பொய்ப் பக்கம்
அவள் பெயர் இருக்கிற பக்கம்தான்.

கோப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.
ஸ்டேப்ளரைத் திறந்து
கம்பி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.