மேல்வரிசை

கணினியில் அனூன்சியாத்தா படத்தைத் திறந்தாள்.
என் தாடை, காதிலிருந்து காதுவரை விரித்துப்போட்டு,
பிளந்த மீனைப்போல் சிரித்தது.
"இத்தனை வருடம் இதற்கா முத்தம் கொடுத்தேன்" என்றாள்.

மேல்வரிசையில் நான்கு இடம் காலி.
பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
சொல் எனக்கு மிச்சமிருக்கிறது, தேவைக்கு அதிகமாகவே.
போனது பொம்பர்தினோ,
வயிற்றோடு அணைத்து ஊதும் பித்தளை.
உதட்டுக்குப் பின்னால் சுவர் இல்லையென்றால்
காற்று எதில் சாய்ந்து நிற்கும்?
நவம்பரில் ஒரு சவ ஊர்வலம்.
சுரம் வரவேண்டிய இடத்தில் எச்சில் வந்தது.
மொல்பெத்தாவே திரும்பிப் பார்த்தது,
இறந்தவரைத் தவிர.

பாரியில் சொன்ன விலைக்கு
மருமகன் ஒரு ஃபியட் வாங்கியிருக்கிறான்.
கடலுக்கு அந்தப் பக்கம், திரானாவில், மூன்றில் ஒரு பங்கு.
தொலைபேசியில் லுல்யேத்தா என்றொரு பெண்.
தொலைக்காட்சி பார்த்துக் கற்ற இத்தாலியன்,
என்னுடையதைவிடச் சுத்தம்.
சர்க்கரை எவ்வளவு, ரத்தம் இளக மாத்திரை உண்டா,
எலும்புத் தேய்வுக்கு எப்போதாவது ஊசி போட்டீர்களா.
புகை?
விட்டுவிட்டேன்.
எப்போது?
நீங்கள் கேட்டபோது.
அவள் சிரிக்கவில்லை.
நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்,
என்னிடம் பொய் சொல்லலாம், எலும்பிடம் முடியாது என்றாள்.

இருபத்தாறாம் நாள் இன்று.
சும்மா இருக்கும் விரல்களுக்கு வேலை தேடி
குளியலறைக் குழாயைக் கழற்றி மாட்டினேன், இரண்டு முறை.
முப்பது வருடம் நகராட்சித் தண்ணீர் வேலை பார்த்தவன்.
இப்போது அது ஒழுகுகிறது.

பெட்டியில்
நட்சத்திரம் நட்சத்திரமாய்ப் பொடிப் பாஸ்தா,
இதய மருத்துவரின் கடிதம்,
கருநிறத் தலையணை உறை இரண்டு
(ரத்தம் தெரியாதாம், அவள் யோசனை).
இந்தப் பயணத்தில் திருகு மட்டும்தான்.
நான்கு மாதம் எலும்பு அதை முகர்ந்து பார்த்து
வீட்டு ஆள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.
பல் அதற்குப் பிறகு.

புனித வாரம் சரியாக நடுவில் விழுகிறது.
பேண்டு மாஸ்டர் வந்து நின்றார், தொப்பியைக் கழற்றாமல்:
"ஜால்ரா தட்டு, சபீனோ. அதற்குப் பல் வேண்டாம்."
காப்பி கொடுத்து அனுப்பினோம்.
சர்க்கரை போட மறந்ததாக அனூன்சியாத்தா சொன்னாள்.
அவள் மறக்கிறவள் அல்ல.

லுல்யேத்தாவின் பட்டியலில் இல்லாத ஒன்று.
தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட்.
கயிற்றில், பாய்மரத்தில், நங்கூரச் சங்கிலியில்
ஆளாய்த் தொங்க ஒரு கப்பல் பாரிக்கு வந்தது, அங்கிருந்து.
எங்களை அனுப்பினார்கள், குழாயோடு.
வெயில். ரொட்டி இல்லை, தெளிவான உத்தரவும் இல்லை.
நான் தண்ணீரை மேலே பீய்ச்சினேன்.
அவர்கள் அண்ணாந்து வாயைத் திறந்தார்கள்.
வெள்ளைப் பல், சொத்தைப் பல், வெறும் ஈறு,
எல்லாம் பார்த்தேன்,
குழாயின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரத்திலிருந்து.
சில நாளில் அவர்களைத் திருப்பி ஏற்றினார்கள்.
நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

லுல்யேத்தா அப்போது பிறந்திருக்கமாட்டாள்.
மருத்துவர் அக்ரோனுக்கு, படத்தில், தாடி நரைத்திருக்கிறது.

கப்பல் இரவு பத்துக்கு.
மூன்று மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமாம்,
பழகிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.
சமையலறை நாற்காலியில் அண்ணாந்திருக்கிறேன்.
முட்டை அவிக்கும் கடிகாரத்தோடு அனூன்சியாத்தா மேலே நிற்கிறாள்.
இன்னும், என்கிறாள். இன்னும்.
தாடை நடுங்குகிறது.
தண்ணீர் வேண்டுமா என்கிறாள்.
வாயை மூடாமல்
எப்படி ஆம் என்று சொல்வது?