ஐஸ் பேரேட்டின் பின்பக்கம்

கேட்பதற்கு முன்னால் படித்துவிட்டேன்.
தோஹாவில் அண்ணன் இருந்த அறையில்
யாரோ விட்டுப்போன தடித்த புத்தகம்,
மாற்று ராக் இசைக்குக் கையேடு.
முதுகு உடைந்து, டி-யில் தொடங்கி
எஸ் பாதியில் அறுந்து
மண்டபம் வந்து சேர்ந்தது
பேரீச்சைக்கும் தைலத்துக்கும் நடுவில்.

ஒரு குழுவைப் பற்றி அதில் இருந்தது:
துருப்பிடித்த கீல் அழுவதுபோல் கிடார். மூன்று நட்சத்திரம்.
எனக்கு அந்தக் கீலைத் தெரியும்.
ஐஸ் கம்பெனியின் பின்கதவு.
பல வருஷம் கழித்து அந்தப் பாட்டைப் போனில் கேட்டேன்.
கதவே தேவலை.

இப்போது நானே எழுதுகிறேன்,
பேரேட்டைக் கவிழ்த்துப் பின் அட்டையிலிருந்து.
முன்பக்கம் படகு எண், எத்தனை பார், பாக்கி.
பின்பக்கம் இந்தக் கரையின் குழுக்கள்.
இரண்டும் நடுவில் எங்கோ முட்டிக்கொள்ளும்,
அன்றைக்கு முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

கச்சான்: தொண்டியில் ஒரே ஒரு மாலை இருந்த குழு.
கல்யாணத்தில் இரண்டாம் பாட்டில் கரண்ட் போனது,
மூன்றாவதை டிரம்ஸ் மட்டும் வாசித்து முடித்தது.
பதிவு இல்லை.
மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை வைத்து எழுதியது.
அவர்கள் அதை இசை என்று சொல்லவில்லை.

சிங்கி: வாலிநோக்கம். இரண்டு பேர்.
இருவருமே பாட மறுத்தார்கள். காண்க: கூச்சம்.

(கூச்சம் இன்னும் எழுதவில்லை.)

பெயர் வைக்காத குழுவை எந்த எழுத்தில் வைப்பது?

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
விசைப்படகெல்லாம் கயிற்றில் கிடக்கும்.
நாட்டுப்படகுக்கு நாளைக்கு நாற்பது பார், அவ்வளவுதான்.
காலிக் கூடத்தில் ரெமிஜியுஸ்
மீன்பெட்டிகளைக் கவிழ்த்து அடிப்பான்.
முகாமிலிருந்து நிரோஜன் கிடாரோடு வருவான்,
தலை எண்ணும் நாளில் மட்டும் வரமாட்டான்.
செல்சியா சுவரைப் பார்த்துக்கொண்டு பாடுவாள்.
கம்ப்ரசர் எதில் முனகுகிறதோ அதுவே சுருதி.
பெல்ட் தளர்ந்தால்
மூன்று பேரும் தளர்வார்கள்.

ஜூன் முதல் வாரம் கிடாரின் ஆறாம் கம்பி அறுந்தது.
ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை.
மதுரைக்கு நிரோஜன் போகக் கடிதம் வேண்டும்.
சீலாவுக்குப் போடும் தங்கூசியை
ரெமிஜியுஸ் இழுத்துக் கட்டினான்.
நரம்புதானே, என்றான்,
எல்லாம் நரம்புதான்.

கிடாரின் காந்தத்துக்கு இரும்பின் பாஷை மட்டும்தான் தெரியும்.
ஐந்து கம்பியும் ஸ்பீக்கரில் கத்தின.
ஆறாவதை ஸ்பீக்கர் கண்டுகொள்ளவேயில்லை.
அவன் முழங்காலருகே உட்கார்ந்து பில் போட்ட எனக்கு மட்டும்
பலகையில் மெல்ல ஒரு தட்டல்,
வாளிக்குள் தவளை விழுந்த மாதிரி.

அதற்குச் சொல் தேடினேன்.
டி முதல் எஸ் பாதி வரை இல்லை.
மிச்சத்தில் இருந்திருக்கலாம்.

மாற்று: பெயர்ச்சொல்.
பொன்னின் தரம்.
நனைந்துபோனால் உடுத்த இருக்கும் இன்னொரு துணி.
வருகிறவன் வராத அன்றைக்குப் படகேறும் ஆள்.
இந்த இசைக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள்
எதை நினைத்தார்களோ.
நான் கீழே சேர்த்தேன்:
அறுந்ததன் இடத்தில் கட்டியது,
பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்.

குழுவை ஆய்த எழுத்தில் வைத்தேன்.
அங்கே எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது,
இடம் தாராளமாகக் கிடந்தது.

பதினான்காம் தேதி நள்ளிரவு தடை முடிந்தது.
விடியுமுன் நானூறு பார் போயிற்று.
ரெமிஜியுஸ் வடகடலில்.
செல்சியா இறால் கம்பெனியில், கையுறையோடு.
நிரோஜன் கிடாரை என் மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போனான்.
தங்கூசியை அவிழ்க்கவில்லை.

நட்சத்திரம் போட எனக்கு வராது.
கடைசி நாள் அவர்கள் வாசிக்கையில்
குளிரறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டேன்.
ஏழு பார் உருகியது.

முன்பக்கம், கழிவு: ஏழு.
பின்பக்கம், தரம்: ஏழு.