ரொட்டி நன்றாக இருக்கிறது

ஒன்பது நாள் விசா.
வருகையின் நோக்கம்: முலாம்பழத் திருவிழா.
அப்படித்தான் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அஷ்காபாத்தில் கட்டடம் வெள்ளை, கார் வெள்ளை.
மதியத்தில் வெறுமனே பார்த்தாலே கண்ணில் நீர் முட்டும்.
அழுதாள் என்று யாராவது குறித்திருக்கலாம்.

ஓட்டுநர் நூர்கெல்தி நல்ல மனிதர்.
என்னைப் பற்றிய அன்றாட அறிக்கையை
ஸ்டியரிங்மேல் தாளை வைத்து
ஹோட்டல் வாசலிலேயே எழுதுவார்.
ஒருநாள் கேட்டார்:
"உங்கள் பெயரின் கடைசி எழுத்து ஒலிக்காதாமே,
எழுதத்தான் வேண்டுமா?"

மொழிபெயர்க்க ஒருத்தியைக் கொடுத்தார்கள்.
அமைச்சர் பழங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்;
ஒரு கமா சிந்தாமல் சொன்னாள்.

ஆறாம் நாள் விடியலில்
அவசரத்துக்கு ஒதுங்குவதாகச் சொல்லிச் சந்துக்குள் நுழைந்தோம்.
ரொட்டி வரிசை.
பூப்போட்ட தலைத்துணி, கையில் காலிப் பை.
எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.
அந்த அம்மாள் பேசினாள். நீளமாக.
நடுவில் ஒருமுறை கையை உதறினாள்.
இவள் என் பக்கம் திரும்பி,
"ரொட்டி நன்றாக இருக்கிறது என்கிறார்."

அன்றிரவு என் குறிப்பேட்டில்
இவளுக்கு ஒரு பட்டம் எழுதினேன்.
பிறகு அந்தத் தாளைக் கிழித்தது வேறு கதை.

கோபன்ஹேகனில் மழை.
பதினோரு வருடமாக ஊர் போக முடியாத அக்மிராத்
ஒலிப்பதிவைக் கேட்டான். நிறுத்தினான்.
பின்னோட்டிக் கேட்டான்.
இன்னொரு தடவையும்.
"ரொட்டி என்ற சொல்லே இதில் இல்லை" என்றான்.

'ராத்திரி இரண்டு மணியிலிருந்து நிற்கிறேன், மகளே.
கொண்டுபோன என் மூத்தவனை
எங்கே வைத்திருக்கிறார்கள் என்று
இவளை எழுதச் சொல்ல ஆசைதான்.
ஆனால் இவள் விமானம் ஏறிவிடுவாள்,
நீ இங்கேயே இருக்கப்போகிறவள்.
நல்லதாக ஏதாவது சொல்லி
அனுப்பிவிடு.'

விமான நிலையத்தில் அவள்
தன் பெயருக்கு அர்த்தம் சொல்லியிருந்தாள்.
பெண்ணாய்ப் பிறந்துவிட்டதே என்று
வீட்டார் வைத்த பெயர்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
எனக்கென்று அவள் ஒளிக்காமல் மொழிபெயர்த்தது
அது ஒன்றுதான்.
அதைக் கட்டுரையில் எழுதவில்லை,
இங்கேயும் எழுதவில்லை.

ஆசிரியர் தோர்பென் ஒலிப்பதிவைக் கேட்டார்.
ஜன்னலைப் பார்த்தபடி
பென்சிலின் மறுமுனையைக் கொஞ்ச நேரம் கடித்தார்.

அச்சில் வந்தது:
'ரொட்டி நன்றாக இருக்கிறது என்றார்
வரிசையில் நின்ற ஒரு பெண்.'

ஓடென்ஸ் நகர வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்:
இதைச் சொல்லவா
அவ்வளவு தூரம் போனீர்கள்?