அசலும் வட்டியும்

ஊபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
மழை. லிஃப்ட் பழுது.
படியேறி வந்தது ஒரு ரிவால்வர்
முத்திரையிட்ட சாம்பல் பெட்டியில்.
பின்னாலேயே மூச்சிரைக்க
அதன் சொந்தக்காரர் ஒலிவெய்ரோ.
அவருக்குப் பின்னால், மூச்சே இரைக்காமல்,
சார்ஜண்ட் ரஃபிடா.

கடிதத்தில் இரண்டே வழி இருந்தது:
குழலை அடைத்து வைத்துக்கொள்,
அல்லது அப்படியே கப்பலேற்று.
மூன்று மாதம் தூக்கமில்லையாம் மனிதருக்கு.
"அசல் கெட்டுவிடுமே" என்றார்
என் வெல்டிங் மேசையைப் பார்த்து,
பல் பிடுங்க வந்தவர் குறடைப் பார்ப்பதுபோல.

திறந்தேன்.
முதலில் எடை. ஒரு கிலோவுக்குச் சற்று மேல்,
தேக்கா சந்தையில் மீன் வாங்கும் கைக்குத் தெரியும்.
முனையில் குறிமுள் இல்லை.
பைக்குள் சிக்காமல் உருவ வேண்டி
யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள்;
தடம் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தால்
இடக்கைக்காரர்.
பிடியில் ஒரு பக்கம் வால்நட்,
மறுபக்கம் நம்மூர் ரப்பர் மரம்.
இரண்டையும் இறுக்கும் திருகாணி
ஏதோ தையல் மெஷினிலிருந்து கழற்றியது.
நிக்கல் பூச்சு பிற்பாடு யாருக்கோ வந்த ஆடம்பரம்,
மீன் செதிலாய் உரிகிறது.
சுழலியில் ஒரு எண், சட்டத்தில் வேறு எண்.
ஜாதகம் பார்க்காமல் நடந்த கல்யாணம்.

இதில் எது சார் அசல்?

அவரிடம் அதற்கும் யோசனை இருந்தது.
பர்மிங்ஹாமில் ஒருவர் புது வால்நட் பிடி செய்கிறாராம்,
புதுக் குறிமுள்ளும். நூற்றுப்பத்து பவுண்டு.
"அடைக்கத்தான் போகிறோம்,
வெளியிலாவது அசலாக்கிவிடலாம்."
அசலாக்குவது என்று ஒரு வினைச்சொல்லை
அன்றைக்குத்தான் கேட்டேன்.

எங்கள் வீட்டில் அசல் என்றால் கடன்.
அப்பா கையெழுத்திட்டது பதினைந்தாயிரம் வெள்ளி.
கட்டக் கட்ட அசல் அசையவில்லை,
வட்டிதான் குட்டி போட்டது, பதினோரு வருடம்.
அதைக் கட்டத்தான் நான் வெல்டிங் கற்றேன்.
அந்தப் பதினைந்தாயிரம் எதற்கென்று
இப்போது வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை.
குழலுக்குள் விளக்கடித்தேன்.

உள்ளே அம்மைத் தழும்பு.
சுட்டபின் துடைக்காமல் விட்டால் வரும் அரிப்பு.
ஒரு துணி, கொஞ்சம் எண்ணெய், ஐந்து நிமிட வேலை.
அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் போயிருக்கிறது
யாருக்கோ.
இடக்கைக்காரருக்கா, தையல் மெஷின்காரருக்கா?
முனையை ராவினார்கள், பிடியை மாற்றினார்கள்,
பூசினார்கள்.
இங்கே மட்டும் யாரும் கை வைக்கவில்லை.
நான் கம்பியைச் செருகப்போவதும் இங்கேதான்.

ஒலிவெய்ரோவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஒற்றைக்கண்ணை மூடி
வெகுநேரம் பார்த்தார்.
ஜன்னலோரம் மழை விட்டிருந்தது.
"ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போகணும்"
என்றாள் ரஃபிடா, யாரிடமும் இல்லாமல்.

"பிடி இருக்கட்டும்" என்றார் கடைசியில்.
"குறிமுள்?"
"அதுவும்."
இல்லாத ஒன்றை எப்படி இருக்கட்டும் என்பது,
ஆனாலும் சரி என்றேன்.

கண்ணைத் திருப்பச் சொல்லிப் பொறி வைத்தேன்.
ரஃபிடா நாள்காட்டியைப் பார்த்தாள்.
அவர் தன் ஈரச் சப்பாத்துகளைப் பார்த்தார்.
கம்பி உருகிக் குழலோடு ஒட்டியது,
வாய் நிறையச் சோறுபோல் ஒரு திரள்.
"ராவி மறைக்கட்டுமா?"
தலையாட்டினார். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது.

ஆறுமுன் அவசரப்பட்டு
முனையில் விரல் வைத்துவிட்டார்.
"சுடுது" என்றார், விரலை உதறியபடி.

படிவத்தில், 'இனிச் சுடாது' என்ற கட்டத்தில்
சார்ஜண்ட் ரஃபிடா டிக் போட்டாள்.